தீயினின்றும் மீண்ட தலைநகர்

ஸ்கந்திநேவியா என வழங்கும் டென்மார்க்கு, நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் தலைநகரங்களும் கடலை முகமாகக் கொண்டவை. அவற்றுள் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகன், சீலாந்துத் தீவின் கிழக்குக் கரையிலே, சுவீடன் நாட்டை எதிர்நோக்கி அமைந்துள்ளது. வணிகர் துறைமுகம் என்பதே அப்பெயரின் பொருள். 1167ஆம் ஆண்டளவில் அப்சலோன் என்னும் ஆயர் அங்கே ஒரு சிறு தீவிற் கோட்டை ஒன்றைக் கட்டினார். கோட்டையை அண்டியிருந்த மீனவர் குடியிருப்பு நாளடைவில் வணிகப் பட்டினமாய் வளர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அரசிருக்கையுமாயிற்று.

இந்நகருக்கு வருவோர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு அதன் பழைய பகுதியைக் கால்நடையாகவே சுற்றிப் பார்ப்பது வழக்கம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பதியாயிற்றே, அக்காலத்து வீடுகளும் வீதிகளும் வரிசையாக நிற்கும் என்று எண்ணி வருவோர் சற்று ஏமாற்றமடைவர். கண்ணிற் படுவனவற்றுட் பெரும்பாலானவை கடந்த முந்நூறு ஆண்டுகளுக்குட் கட்டப்பட்டவை. காரணம் யாதெனில், 1728, 1795, 1807 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்நகரத்தைப் பெருந்தீ விழுங்கியது. முதலிரண்டும் தற்செயலாய் மூண்ட தீ. மூன்றாவது பகைவர் மூட்டிய தீ. ஆகவே, கொப்பன்ஹேகனைச் சுற்றிக் காட்டுவோர் சொல்லும் கதை கட்டடங்களின் கதை மாத்திரமன்று. தீ மூண்டபோது மக்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினர், எதை இழந்தனர், பின்னர் எதை மீண்டும் எழுப்பினர் என்பதே அக்கதையின் உயிர்நாடியாகும்.

உலா பெரும்பாலும் நகர மண்டபச் சதுக்கத்திலே தொடங்கும். செங்கல்லாற் கட்டப்பட்ட இம்மண்டபம் மார்ட்டின் நியூறொப் என்னும் சிற்பியின் திட்டப்படி 1905இல் நிறைவெய்தியது. இதன் கோபுரம் நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தது. மண்டபத்தினுள்ளே உலகக் கடிகாரம் ஒன்று உண்டு. யென்ஸ் ஒல்சன் என்னும் கைவினைஞர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அதற்கென ஈந்தார். ஆயினும் அது ஓடுவதைக் காண அவர் இருக்கவில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1955ஆம் ஆண்டு டிசெம்பரில், அரசரும் ஒல்சனின் பேர்த்தியும் சேர்ந்து அதனை இயக்கி வைத்தனர். மண்டபத்துக்கு வெளியே கதைமன்னர் அன்டர்சனின் சிலை அமர்ந்திருக்கிறது. வீதிக்கு அப்பால் 1843இல் திறக்கப்பட்ட ரிவொலி என்னும் பூங்கா இருக்கிறது. அன்டர்சன் சிலையின் பார்வை அப்பூங்காவின் பக்கமாகவே திரும்பியிருப்பது சிறுவர்களுக்கு மகிழ்ச்சி தருவது.

இச்சதுக்கம் இருக்கும் இடத்தையொட்டியே பழைய நகரின் மேற்கு வாயில் இருந்தது. 1728ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆந் திகதி மாலை அவ்வாயிலின் அருகிலுள்ள ஒரு வீட்டில் நெருப்புப் பற்றியது. காற்று அதற்குத் துணை நின்றது. மூன்று நாள் எரிந்த அத்தீ, நகரின் கால்பங்குக்கும் அதிகமான பகுதியைச் சாம்பலாக்கியது. மத்திய காலத்துப் பழைய பகுதி ஏறக்குறையப் பாதி அழிந்தது. இதனைச் சொல்லிவிட்டே வழிகாட்டி கூட்டத்தை நகரினுள் அழைத்துச் செல்வார். ஏனெனில் உலாவின் முதற்பகுதி அத்தீ சென்ற திசையிலேயே செல்கிறது.

சதுக்கத்திலிருந்து கிழக்கே செல்வது ஸ்ட்றொய்ற் எனப்படும் கடைவீதி. 1962இல் இவ்வீதியில் வாகனங்களை நிறுத்தி, நடப்போருக்கே உரியதாக்கினர். வடநாட்டுக் குளிரில் மக்கள் வெளியே உலாவ விரும்பார். வணிகம் கெட்டுவிடும் என்று அன்று பலர் எதிர்த்தனர். இன்றோ உலகின் நகரத் திட்டக்காரர் வந்து கற்றுச் செல்லும் வீதியாக அது விளங்குகிறது. சற்றுத் தொலைவில் பழைய சந்தைச் சதுக்கத்தில் நான்காம் கிறிஸ்தியன் என்னும் அரசன் அமைப்பித்த நீரூற்று ஒன்று உண்டு. அரசரின் பிறந்த நாளில் அவ்வூற்றின் நீர்த்தாரைகள் மீது பொன்முலாம் பூசிய ஆப்பிள் உருண்டைகள் துள்ளி ஆடும்.

இவ்வரசனின் பெயர் உலா முடியும் வரை திரும்பத் திரும்பக் கேட்கும். 1588 முதல் 1648 வரை அறுபது ஆண்டுகள் அவன் அரசு வீற்றிருந்தான். போர்களிலே தோல்வியும் கடனும் நாட்டுக்குத் தேடித் தந்தவன். ஆனால், கட்டடக் கலையிலே அவன் கொண்ட வேட்கை இன்றும் நகரின் வான்விளிம்பில் எழுதப்பட்டிருக்கிறது. றோசன்போர்க் மாளிகை, கடற்படையினர் வாழ நிரை நிரையாய் அமைத்த நியூபோடர் வீடுகள், கால்வாய்களோடு கூடிய கிறிஸ்தியன்ஸ்ஹாவ்ன் நகர்ப்பகுதி ஆகியன அவன் காலத்தன.

சந்தைச் சதுக்கத்திற்கு வடக்கே பல்கலைக்கழகமும் அன்னை மரியாள் பேராலயமும் எதிரெதிராய் உள்ளன. பல்கலைக்கழகம் 1479இல் நிறுவப்பட்டது. ஆலயத்தின் முன் நிற்போர் அதன் கோபுரம் மொட்டையாய் இருப்பதைக் கவனிப்பர். அங்கே ஒருகாலத்தில் வானளாவிய கூர்முடி இருந்தது. 1807ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், டென்மார்க்கின் கடற்படை நெப்போலியன் கைக்குப் போய்விடக்கூடும் என அஞ்சிய ஆங்கிலேயர், அதனைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டனர். டேனியர் மறுத்தனர். செப்ரெம்பர் 2ஆந் திகதி தொடங்கி 5ஆந் திகதி வரை நகரின்மீது குண்டுமாரி பொழியப்பட்டது. குடிமக்கள் வாழும் நகரமே இலக்காயிற்று. ஆலயத்தின் கூர்முடி தீப்பற்றி வீழ்ந்தது, நகரம் பணிந்தது, கப்பல்கள் யாவும் கொண்டு செல்லப்பட்டன. அன்று பீரங்கிக் குண்டுகளோடு கொங்கிறீவ் என்பவர் ஆக்கிய எரிவாணங்களும் ஏவப்பட்டன. 1799இல் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட மைசூர் வாணங்களை ஆராய்ந்தே கொங்கிறீவ் அவற்றை ஆக்கினார் என்பது வரலாறு. தென்னிந்தியாவிற் பிறந்த ஒரு படைக்கலம், எட்டாண்டு கழித்து வடகடல் ஓரத்து நகரொன்றை எரித்தது.

ஆலயத்தை மீளக் கட்டும் பொறுப்பு ஹன்சன் என்னும் சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1829இல் நிறைவெய்திய புதிய ஆலயத்தினுள்ளே தோர்வால்ட்சன் வடித்த கிறிஸ்துவின் திருவுருவமும் பன்னிரு சீடர்களின் உருவங்களும் வெண்மையாய் நிற்கின்றன. கிறிஸ்துவின் கைகள் இரண்டும் வருவோரை நோக்கி விரிந்திருக்கின்றன. எரிந்த இடத்தில் எழுந்தது என்ற எண்ணத்தோடு பார்க்கும்போது அவ்வுருவத்தின் அமைதி இருமடங்காகத் தோன்றும்.

அடுத்து வருவது வட்டக் கோபுரம். கிறிஸ்தியன் அரசன் 1637இல் தொடங்கி 1642இல் முடித்த இது, ஏறத்தாழ 35 மீற்றர் உயரமானது. இதனுள்ளே உச்சிக்கு அண்மை வரையிற் படிகள் இல்லை. வெண்சுவர்களுக்கிடையே அகன்ற சாய்தளம் ஒன்று ஏழரைச் சுற்றாகச் சுழன்று மேலே செல்கிறது. உச்சியில் வானோக்கு நிலையமும், அடுத்துள்ள திரித்துவ ஆலயத்தின் மேல்மாடத்திற் பல்கலைக்கழக நூலகமும் அமையும்படி திட்டமிட்டிருந்தனர். பாரமான கருவிகளையும் நூல்களையும் ஏற்றிச் செல்வதற்குப் படியினும் சாய்தளமே ஏற்றது. 1716இல் உருசியப் பேரரசன் பீற்றர் குதிரைமேல் அமர்ந்தபடியே இதன் உச்சிவரை ஏறினான் என்பர்.

1728ஆம் ஆண்டுத் தீ இங்கும் வந்தது. கோபுரத்தின் சுவர் நின்றது; நூலகம் நிற்கவில்லை. பல்லாயிரக்கணக்கான நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்கும் படியில்லாத கையெழுத்து ஏடுகள் பல அவற்றுள் இருந்தன. ஒளிக்கும் வேகமுண்டு, அது கணத்திற் பாய்வதன்று என்று 1676இல் பாரிசு நகரில் உலகுக்கு அறிவித்த ஓலே றோமர் என்னும் டேனிய அறிஞர், பின்னாளில் தம் நாட்டில் ஆண்டாண்டாய் வானத்தை அளந்து எழுதிய குறிப்புகளும் அத்தீயிலே போயின. மூன்று இரவுகளின் குறிப்புகள் மட்டும் எஞ்சின. அவருடைய மாணவர் ஒருவர் காப்பாற்றிய அம்மூன்று இரவுகளே அவ்வறிஞரின் நுண்மைக்கு இன்று சான்று கூறுகின்றன.

கோபுரத்துக்கு அருகே ஒரு வீட்டில் ஆர்னி மக்னுசன் என்னும் பேராசிரியர் வாழ்ந்தார். அவர் ஐசுலாந்து நாட்டவர். தம் தாய்நாட்டின் பழைய கதைகளையும் வரலாறுகளையும் தாங்கிய தோலேடுகளை வீடு வீடாகச் சென்று தேடிச் சேர்த்தவர். சில ஏடுகள் வேறு தேவைகளுக்காக வெட்டப்பட்டிருந்தன. அத்துண்டுகளையும் அவர் விட்டாரில்லை. தீ மூண்ட செய்தி கேட்டபோது, அது தம் வீதிவரை வாராது என நம்பி அவர் காலந்தாழ்த்தினார். நெருப்பு நெருங்கிய பின்னரே நண்பர் சிலரோடு ஏடுகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். தோலேடுகளுட் பெரும்பகுதி தப்பியது. அச்சு நூல்களும் குறிப்புகளும் வீட்டோடு எரிந்தன. இழந்ததை எண்ணி வருந்தியவராய், 1730ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். பழைய ஏடுகள் பலவற்றை டென்மார்க்கு அரசு ஐசுலாந்துக்குத் திருப்பிக் கொடுக்க இசைந்து, 1971இல் முதலிரு பெருநூல்களைப் போர்க்கப்பலில் அனுப்பி வைத்தது. அந்நாட்டு மக்கள் துறைமுகத்திலே திரண்டு நின்று அவற்றை வரவேற்றனர். நூலகம் ஒன்று எரிந்த துயரை அறிந்தோருக்கு அவ்வரவேற்பின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

திரித்துவ ஆலயத்துக்கு இன்னொரு கதையுமுண்டு. இரண்டாம் உலகப் போரிலே, 1940ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி ஜேர்மானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. 1943ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் யூத மக்களைப் பிடித்துச் செல்வதற்கு நாள் குறித்தனர். டுக்விற்ஸ் என்னும் ஜேர்மானிய அதிகாரி ஒருவரே அச்செய்தியை முன்கூட்டிக் கசியவிட்டார். யூதர் தொழுகை மண்டபம் வட்டக் கோபுரத்துக்கு அணித்தான வீதியிலேயே உள்ளது. அங்கே காலைத் தொழுகைக்கு வந்தோரிடம், உடனே வீடு சென்று மறைந்துகொள்ளுங்கள் எனச் சொல்லப்பட்டது. அவர்களுடைய திருமறைச் சுருள்கள் திரித்துவ ஆலயத்திலே ஒளித்து வைக்கப்பட்டன. ஒரு சமயத்தாரின் வேதத்தை மற்றொரு சமயத்தாரின் கோயில் காத்தது. முன்னொரு நாள் தன் மேல்மாடத்து நூல்களைக் காக்க இயலாத அவ்வாலயம், இம்முறை தன்னிடம் வந்தவற்றைப் போர் முடியும்வரை காத்துக் கொடுத்தது.

அங்கிருந்து தெற்கே துறைமுகத்தை நோக்கிச் செல்கையில் வழிகாட்டி ஒரு வேடிக்கையைக் காட்டுவார். நாற்சந்திகளில் உள்ள வீடுகளின் மூலைகள் கத்தியால் வெட்டினாற்போலச் சாய்வாக அமைந்திருக்கும். அழகுக்காகச் செய்ததன்று அது. 1795ஆம் ஆண்டு யூன் மாதம் கடற்படைத் தளத்தில் மூண்ட தீ, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. தீயணைப்போரின் நீண்ட ஏணி வண்டிகள் குறுகிய சந்திகளிலே திரும்ப மாட்டாமற் போயின. அதன்பின் எழும் மூலை வீடுகள் யாவும் முனை வெட்டியே கட்டப்படல் வேண்டும் என்று விதி செய்தனர். ஓர் இழப்பிலிருந்து நகரம் கற்ற பாடம், இன்றும் ஒவ்வொரு சந்தியிலும் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்சலோன் கோட்டை கட்டிய சிறு தீவு இன்று பாலங்களால் நகரோடு இணைந்துள்ளது. அங்கே கிறிஸ்தியன்ஸ்போர்க் மாளிகையிற் பாராளுமன்றமும் உயர் நீதிமன்றமும் பிரதமரின் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. இதன் முன்னைய மாளிகைகள் இரண்டும் 1794இலும் 1884இலும் எரிந்தன, இப்போதுள்ளது மூன்றாவது. இதன் அடித்தளத்துள் இறங்கினால் அப்சலோன் கோட்டையின் கற்சுவர்களை நேரிற் காணலாம்.

மாளிகையை அடுத்து நீண்டு கிடப்பது பழைய பங்குமாற்றுச் சந்தைக் கட்டடம். கிறிஸ்தியன் அரசன் கொப்பன்ஹேகனைப் பெரும் வணிகத் தலைநகராக்கும் எண்ணத்தோடு 1619இல் இதனைத் தொடங்கினான். நான்கு பறவைநாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுகி மேலே எழுந்தாற்போன்ற கூர்முடியே இதன் தனிச்சிறப்பு. அந்நாகங்கள் கட்டடத்தைத் தீயினின்றும் பகையினின்றும் காக்கும் என்று நகரமக்கள் சொல்வர். அருகில் மாளிகை இருமுறை எரிந்தபோதும், 1795இலும் 1807இலும் நகரம் எரிந்தபோதும் இக்கட்டடம் தப்பியதால் அந்நம்பிக்கை வலுத்தது.

இக்கட்டடம் எழுந்த காலத்திலேதான் டென்மார்க்கின் மரக்கலங்கள் நம் கடலுக்கு வந்தன. கண்டியரசனின் தூதுவர் என வந்த ஒல்லாந்தர் ஒருவர், 1618இல் கிறிஸ்தியனோடு உடன்படிக்கை செய்தார். அதனை நம்பி ஓவே கியெட்டே என்னும் இளம் தளபதி தலைமையிற் கப்பல்கள் புறப்பட்டு 1620இல் இலங்கையை அடைந்தன. தூதுவரோ வழியிலேயே இறந்துவிட்டார். இங்கு அவர்கள் எதிர்பார்த்தது கைகூடவில்லை. ஆனால், தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். அந்நாயக்கர் டேனிய அரசனுக்குப் பொன்னேட்டில் வரைவித்த தமிழ்த் திருமுகம், இன்றும் டென்மார்க்கின் அரச ஆவணக் காப்பகத்தில் உள்ளது. பின்னர் அந்நாட்டரசன் அனுப்பிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்து, தமிழ் நூல்களை அச்சிலேற்றியது பலரும் அறிந்ததே.

2024ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆந் திகதி காலையில் நாகங்களின் காவல் பொய்த்தது. பழுதுபார்க்கும் பணிக்காகச் சாரங் கட்டியிருந்த அக்கட்டடத்தின் கூரையிலே தீ மூண்டது. சிறிது நேரத்தில் நாகக் கூர்முடி பற்றியெரிந்து வீதியில் வீழ்ந்தது. அவ்வேளை நிகழ்ந்ததையே வழிகாட்டிகள் இன்று விரித்துரைக்கின்றனர். உள்ளே நூற்றாண்டுகளாய்ச் சேர்த்த ஓவியங்கள் இருந்தன. ஊழியர், தீயணைப்போர், காவற்படையினர், அவ்வழியே சென்ற பொதுமக்கள் ஆகிய பலரும் விரைந்து அவற்றைச் சுமந்து வெளியே கொணர்ந்தனர். குறொயர் 1895இல் தீட்டிய, சுவரை அடைத்து நின்ற பேரோவியமும் அவ்வாறே காப்பாற்றப்பட்டது. ஆர்னி மக்னுசனின் வீதியில் நேர்ந்த தாமதம் அன்று நேரவில்லை. கட்டடத்தின் ஏறக்குறையப் பாதி அழிந்தது, உயிர்ச்சேதமில்லை. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டுவோம் என்று உரியவர்கள் அறிவித்தனர்.

துறைமுகத்தின் அக்கரையிலே கிறிஸ்தியன்ஸ்ஹாவ்னில் மீட்பர் ஆலயத்தின் கோபுரத்தைக் காணலாம். அதன் கூர்முடியைச் சுற்றி வெளிப்புறமாகவே படிக்கட்டு வளைந்து ஏறுகிறது. அச்சுற்று தவறான திசையில் அமைந்ததை அறிந்த சிற்பி மேலிருந்து குதித்து மாண்டான் என ஒரு கதை உலவுகிறது. கூர்முடி 1752இல் முடிந்தது. சிற்பி டி தூறா 1759இலே காலமானார். கதை சுவையானது, உண்மையன்று. நல்ல வழிகாட்டிகள் இரண்டையும் சொல்வர்.

பின்னர் உலா நியூஹாவ்ன் கால்வாயை அடையும். பதினேழாம் நூற்றாண்டிற் சுவீடன் நாட்டுப் போர்க் கைதிகளின் உழைப்பைக் கொண்டு தோண்டப்பட்டது இது. கரையோரம் மஞ்சள், சிவப்பு, நீலம் எனப் பலநிற வீடுகள் தண்ணீரிலே நிழல் காட்டும். 20ஆம் இலக்க வீட்டில் வறிய இளைஞராக வாழ்ந்த காலத்திலேயே அன்டர்சன் தம் முதற் சிறுவர் கதைகளை எழுதி 1835இல் வெளியிட்டார். அப்பால் அமலியன்போர்க்கில் ஒன்றைப்போல் ஒன்றாக நான்கு மாளிகைகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. நடுவே குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஐந்தாம் பிரெடெரிக்கின் சிலைக்குப் பொருள் கொடுத்தது ஆசியக் கம்பெனி. நம் கடல்களிற் செய்த வணிகத்தின் ஆதாயம் அங்கே வெண்கலமாய் நிற்கிறது.

கடற்கரையை நோக்கிச் செல்லும் வழியில் டேனிய எதிர்ப்பியக்க நூதனசாலை உண்டு. யூதர் ஏறத்தாழ 7,000 பேரை அயலார் மறைத்து வைத்து, மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, இரவோடிரவாய்ச் சுவீடனுக்குக் கடத்திய கதையை இங்கு காணலாம். பலரை மருத்துவர்கள் நோயாளரெனப் பதிந்து மருத்துவமனைகளில் ஒளித்தனர். எல்லோரையும் காக்க முடியவில்லை. ஏறக்குறைய 470 பேர் பிடிபட்டுத் தெரேசியன்ஸ்ராற் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இந்நூதனசாலையும் 2013ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் எவரோ வைத்த தீயில் அழிந்தது. ஆனால், உள்ளிருந்த பொருள்களை முதலில் வெளியேற்றியதால் அவை பெரும்பாலும் பிழைத்தன. புதிய கட்டடம் 2020இல் திறக்கப்பட்டது. அதன் காட்சிக்கூடம் நிலத்தின் கீழே உள்ளது.

உலாவின் முடிவில் கடலோரப் பாறைமீது கடற்கன்னியின் சிலையைக் காண்பர். எட்வட் எறிக்சன் வடித்து 1913இல் நிறுவப்பட்ட அது, ஒன்றேகால் மீற்றர் உயரமே உடையது. இத்தனை சிறியதா என வியப்போர் பலர். 1964இலும் 1998இலும் அதன் தலையை எவரோ அறுத்தெடுத்தனர். 1984இற் கை ஒன்றை வெட்டினர். ஒவ்வொரு முறையும் அச்சிலையை நகரம் பழையபடியே செப்பனிட்டது.

1945ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி மாலை, ஜேர்மானியப் படை சரணடைந்தது என்னும் செய்தி வானொலியில் ஒலித்தது. விளக்கு வெளியே தெரியாதபடி ஐந்தாண்டு தொங்கிய கருந்திரைகளை மக்கள் கிழித்தெறிந்து, பலகணிகளிலே மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தனர். இன்றும் ஆண்டுதோறும் அந்நாள் மாலையில் டேனிய வீடுகள் பலவற்றின் பலகணிகளில் மெழுகுதிரி எரியும். பலமுறை தீயில் வெந்த நகரம், தன் விடுதலையையும் ஒரு சிறு சுடரை ஏற்றியே நினைவுகூர்கிறது. வீடுகளையும் கோபுரங்களையும் மறுபடி கட்டிவிடலாம்; எரிந்த ஏட்டை மறுபடி எழுத இயலாது, இறந்த அயலானை மறுபடி அழைக்கவும் இயலாது. ஆகையால், தீ அணுகும்போது முதலிற் காக்கவேண்டியவை எவை என்பதை அமைதியான நாளிலேயே தெளிந்து வைத்தல் வேண்டும். கொப்பன்ஹேகன் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. தன் வீதிகளிலே நடப்போருக்கு அதனை விலையின்றிக் கற்பிக்கிறது.